‘எதை?’ என்ற ஒரு கேள்வி போதாது: ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கல்வி வலயங்களில் பணியாற்றும் ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கும், தவணைப் பரீட்சை வினாத்தாள்களை ஆக்கும் ஆசிரியர்களுக்கும்,

அன்புடையீர்,

வணக்கம். இம்மாவட்டங்களின் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எழுதும் மடல் இது. ஓய்வுபெற்ற பின்னரும் மாலையில் அயற்பிள்ளைகள் கொப்பிகளோடு என் வீட்டு விறாந்தைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகையால், வகுப்பறையில் நீங்கள் கற்பிப்பவை அவர்களுடைய மனத்தில் எந்த வடிவத்தில் போய்த் தங்குகின்றன என்பதை நான் அன்றாடம் காண்கிறேன். இங்கே ஓர் இலக்கணப் பகுதியைப் பற்றி மட்டுமே எழுத விரும்புகிறேன். ஆங்கில வினைகளை ட்ரான்சிட்டிவ், இன்ட்ரான்சிட்டிவ் என்று பிரித்தறியும் பகுதி அது. நம் தமிழாசிரியர்கள் செயப்படுபொருள் குன்றா வினை என்றும் குன்றிய வினை என்றும் சொல்வது. சோற்றை உண்டான் என்பதில் செயலை ஏற்கும் சோறுதான் செயப்படுபொருள்; அதை எடுக்கும் வினை குன்றா வினை (ட்ரான்சிட்டிவ்), எடுக்காத வினை குன்றிய வினை (இன்ட்ரான்சிட்டிவ்). ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். உச்சரிப்பில் நேரும் சிறு பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற தவணைப் பரீட்சை முடிந்த கிழமையில், தரம் 9 இல் படிக்கும் ஒரு மாணவன் தன் விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்தான். ஐந்து ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றில் அடிக்கோடிட்ட வினை எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள். மூன்றாவது வாக்கியம் ‘த போய்ஸ் ஆர் ஈட்டிங் இன் த கன்டீன்’ என்பது. பையன் இன்ட்ரான்சிட்டிவ் என்று எழுதியிருந்தான். அதன்மேல் சிவப்பு மையினால் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு சுழி. ஐந்தாவது வாக்கியமான ‘மை சிஸ்டர் சிங்ஸ் வெல்’ என்பதற்கும் அதே விடை, அதே சுழி.

“என்னத்தச் சாப்பிடுறாங்க எண்டு அதில இல்லையே, ரீச்சர்?” என்று கேட்டான்.

“இல்லத்தான் மனே. நீ எழுதினதுதான் சரி” என்றேன்.

நம்பாமல் கொப்பியைத் திறந்து காட்டினான். நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ட்ரான்சிட்டிவ் வினைகள் என்று ஈட், ரீட், ரைட், சிங், குக் என ஒரு பத்தியும், வலப்பக்கம் இன்ட்ரான்சிட்டிவ் வினைகள் என்று கோ, கம், ஸ்லீப், ரன், வோக் என மறுபத்தியும் எழுதப்பட்டிருந்தன. விடைத்தாளைத் திருத்தியவர் வாக்கியத்தை வாசிக்கவே இல்லை. அடிக்கோடிட்ட சொல் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார். அந்த ஆசிரியரை நான் குறைசொல்லவில்லை. அவர் படித்த காலத்தில் அவருடைய கொப்பியிலும் இதே இரண்டு பத்திகள் இருந்திருக்கும். பணியில் சேர்ந்த முதலிரண்டு ஆண்டுகளில் நானும் வெண்கட்டியால் கரும்பலகையில் அதே கோட்டைக் கிழித்தவள்தான்.

அந்தப் பட்டியலை வலப்பக்கத்திலிருந்து உடைப்பதும் எளிது. ரன் என்பதை ஓடுதல் என்ற ஒரே பொருளில் மட்டும் கற்ற பிள்ளைக்கு அது என்றும் இன்ட்ரான்சிட்டிவ்தான். ஆனால் கல்முனையில் ஒருவர் கடை நடத்துகிறார் என்பதை ‘ஹீ ரன்ஸ் எ ஷொப்’ என்று சொல்லும்போது அதே சொல் செயப்படுபொருளை எடுத்துக்கொண்டுவிடுகிறது. அகராதியைத் திறந்தால் அடிக்கடி வழங்கும் ஆங்கில வினைகளில் மிகப் பலவற்றுக்கு இரண்டு குறிப்புகளும் போடப்பட்டிருப்பதைக் காணலாம். ஆகவே, ‘இந்தச் சொல் எந்த வகை?’ என்ற கேள்விக்குப் பல வேளைகளில் விடையே கிடையாது. ‘இந்த வாக்கியத்தில் இந்தச் சொல் எப்படி நிற்கிறது?’ என்ற கேள்விக்குத்தான் விடை உண்டு. பையனுக்கு இது புரிந்திருந்தது. அதற்காகவே அவன் நான்கு புள்ளிகளை இழந்தான்.

இரண்டாவது குறை கலைச்சொல்லில் இருக்கிறது. பிள்ளைகளின் கொப்பிகள் சிலவற்றில் இன்ட்ரான்சிட்டிவ் என்பதற்கு எதிரே தன்வினை என்றும், ட்ரான்சிட்டிவ் என்பதற்கு எதிரே பிறவினை என்றும் எழுதியிருக்கக் காண்கிறேன். தமிழ்ப் பாடத்தில் தன்வினை என்பது எழுவாய் தானே செய்யும் செயல். பிறவினை என்பது பிறரைக் கொண்டு செய்விக்கும் செயல். உண்டான் தன்வினை, உண்பித்தான் பிறவினை. ஆனால் சோற்றை உண்டான் என்னும்போது அந்தத் தன்வினைக்குச் செயப்படுபொருளும் இருக்கிறது. இந்தக் கொப்பியை வைத்துப் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளை, தானே செய்கிற செயல் தன்வினைதானே என்று சரியாகவே சிந்தித்து, ஈட், ட்ரிங்க், பை ஆகிய எல்லாவற்றையும் இன்ட்ரான்சிட்டிவ் பத்தியில் கொண்டுபோய் வைக்கிறது. பிழை பிள்ளையினுடையது அன்று. இரண்டு வேறு பாகுபாடுகளை ஒன்றாகக் குழைத்துக் கொடுத்தவர்களுடையது. நமக்கு ஏற்கெனவே செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்ற தெளிவான சொற்கள் இருக்கின்றன. வினை தருபவை என்று நன்னூல் எண்ணும் ஆறினுள் செய்பவனைப் போலவே செய்பொருளும் ஒன்று. அந்த ஒன்று குறைந்து நிற்பதால் குன்றிய வினை. ஆங்கிலச் சொல்லோ கடந்து செல்லுதல் என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்தது. செயல் செய்பவனைக் கடந்து இன்னொன்றின்மேல் போய்ச் சேர்கிறது என்பது அதன் கருத்து. வெவ்வேறு மூலைகளிலிருந்து இரண்டு சொற்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. தன்வினையும் பிறவினையும் அங்கே வருவதில்லை.

மூன்றாவதாகச் சொல்லப்போவதற்காகத்தான் முக்கியமாக இந்த மடலை எழுதத் துணிந்தேன். வகுப்பறைகளில் நாம் எல்லோரும் கையாளும் சோதனை ஒன்று உண்டு: வினையைப் பார்த்து ‘யாரை?’ அல்லது ‘எதை?’ என்று கேள். விடை கிடைத்தால் ட்ரான்சிட்டிவ், கிடைக்காவிட்டால் இன்ட்ரான்சிட்டிவ். கேட்பதற்கு இலகுவானது, நினைவில் நிற்பது. ஆனால் இந்தக் கேள்வியைப் பிள்ளை தமிழிலே கேட்கிறது. அப்போது அதற்குக் கிடைப்பது தமிழ் வினையின் இயல்பைப் பற்றிய விடை. ஆங்கில வினையின் இயல்பு அதற்குள் வருவதே இல்லை. தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகும் இடங்களில் இந்தச் சோதனை வேலைசெய்கிறது. ஒத்துப்போகாத இடங்களில், அதாவது பிள்ளைக்கு உதவி உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில், அது பிள்ளையைக் கைவிடுகிறது.

எனக்கு உதவினான் என்கிறோம், நான்காம் வேற்றுமை. ‘யாரை உதவினான்?’ என்று தமிழ்ப் பிள்ளை கேட்கமாட்டாது, ‘யாருக்கு?’ என்றுதான் கேட்கும். ஆங்கிலத்திலோ ஹெல்ப் என்பது இடையில் எந்தச் சொல்லையும் வேண்டாமல் செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும். விளைவு, ‘ஹீ ஹெல்ப்ட் டு மீ’ என்று எழுதுகிறார்கள். ஆசிரியருக்குக் கீழ்ப்படி என்பதிலிருந்து ‘ஓபே டு த ரீச்சர்’ வருகிறது. என்னிடம் கேட்டான் என்பதிலிருந்து ‘ஹீ ஆஸ்க்ட் ஃப்ரம் மீ’ வருகிறது. இந்த ஒன்றைப் பட்டதாரிகளும் அலுவலகக் கடிதங்களில் கூச்சமின்றி எழுதுகிறார்கள். வீதி திருத்துவதைப் பற்றிக் கலந்துரையாடினோம் என்பதிலிருந்து, டிஸ்கஸ் என்பதற்குப் பின்னால் அபவுட் வந்து ஒட்டிக்கொள்கிறது. அறைக்குள் நுழைந்தான் என்பதில் உள்ள உள், என்டர் என்பதற்குப் பின்னால் இன்டு என்று மாறி நிற்கிறது. இவற்றையெல்லாம் நாம் பிரெபொசிஷன் பிழைகள் என்ற தலைப்பில், வேறொரு பாடத்தில், வேறொரு பட்டியலாக மனனம் செய்யக் கொடுக்கிறோம். உண்மையில் இவை செயப்படுபொருள் பற்றிய பிழைகள். ஹெல்ப், ஓபே, ஆஸ்க், டிஸ்கஸ், என்டர் ஆகிய ஐந்தும் செயப்படுபொருளை நேரே பற்றிக்கொள்ளும் வினைகள் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால், இடையிலே வைக்கும் சொல் தானாகவே விழுந்துவிடும்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். பாட்டைக் கேட்டேன், என்னைப் பார் என்று தமிழ் இரண்டாம் வேற்றுமையைத் தருகிறது. எதைக் கேட்டேன், யாரைப் பார் என்று கேள்வியும் அழகாகப் பொருந்துகிறது. சோதனை தேறிவிட்டது. பிள்ளை ‘ஐ லிசின்ட் த சோங்’ என்றும் ‘லுக் மீ’ என்றும் எழுதுகிறது. லிசின், லுக் இரண்டும் செயப்படுபொருளை நேரே தொடாதவை. முன்னதற்கு டு என்ற ஒரு பாலம் வேண்டும், பின்னதற்கு அட் என்ற ஒரு பாலம் வேண்டும்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. எனக்கு மாம்பழம் விருப்பம், எனக்கு ஆங்கிலம் தெரியும், எனக்கு ஒரு பேனை வேண்டும், எனக்குக் காய்ச்சல் இருக்கிறது: இவை நான்கும் நம் பிள்ளைகள் நாள்தோறும் பேசுகின்ற வாக்கியங்கள். ‘எதை?’ என்ற கேள்வி இவற்றில் ஒன்றுக்கும் பொருந்தாது, ‘எது விருப்பம்?’, ‘எது வேண்டும்?’ என்றுதான் கேட்போம். ஏனெனில் தமிழில் மாம்பழமும் ஆங்கிலமும் பேனையும் காய்ச்சலும் உருபேற்காமல் நிற்கின்றன. ஆளுக்குத்தான் ‘கு’ உருபு சேர்கிறது. ஆங்கிலத்திலோ லைக், நோ, வோன்ட், ஹேவ் ஆகிய நான்கும் செயப்படுபொருளை வேண்டும் வினைகள். ஆள் எழுவாய் ஆகிவிடுகிறார், பொருள் செயப்படுபொருள் ஆகிவிடுகிறது. ஒரு வாக்கியத்தின் உறுப்புகள் முழுவதும் இடம்மாறி உட்காரும் இந்த நிகழ்ச்சியை எந்தக் கொப்பியிலும் நான் கண்டதில்லை. அடிக்கடி பயன்படும் வினைகள் இவைதாம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இதனோடு சேர்த்து இன்னொன்று. தமிழில் செயப்படுபொருள் முன்னரே பேசப்பட்டுவிட்டால் அதைத் திரும்பச் சொல்லவேண்டியதில்லை. “கொப்பியைக் கொண்டுவந்தாயா?” “கொண்டுவந்தேன்.” முடிந்தது. ‘அதைக் கொண்டுவந்தேன்’ என்று நீட்டிச் சொன்னால்தான் செயற்கையாக இருக்கும். ஆங்கிலத்தில் ‘ஐ ப்ரோட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். பின்னால் ஓர் ‘இட்’ வந்தே தீரவேண்டும். ‘டூ யூ லைக் மாங்கோஸ்?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ லைக்’ என்று சொல்லும் பிள்ளையும் இதே காரணத்தால்தான் தடுக்கிவிழுகிறது. ஈட், ரீட், சிங் போன்றவை செயப்படுபொருளை வெளியே சொல்லாமல் விட இடங்கொடுக்கும். ப்ரிங், லைக், வோன்ட், மேக் போன்றவை பொதுவாக இடங்கொடுக்கமாட்டா. இந்த வேறுபாடு தெரிந்தால் பிள்ளை பேசும் ஆங்கிலம் அன்றைக்கே திருந்தும். ஆனால் நம் இரண்டு பத்திப் பட்டியலில் ஈட் என்பதும் ப்ரிங் என்பதும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன.

‘எதை?’ என்ற கேள்வியை அடியோடு தள்ளிவிடச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். அது கைகொடுக்கும் இடமும் உண்டு. ‘ஹீ பிகேம் எ டொக்டர்’ என்பதில் வினைக்கு அடுத்து ஒரு பெயர்ச்சொல் நிற்பதைக் கண்டு அதைச் செயப்படுபொருள் என்று எண்ணும் பிள்ளையிடம், ‘எதை ஆனார்?’ என்று கேட்டுப் பார்க்கச் சொன்னால் அது சிரித்துவிடும். டொக்டர் அங்கே செயப்படுபொருள் அல்ல என்பது தெரிந்துபோகும். ‘ஷீ வோக்ட் டூ மைல்ஸ்’ என்பதிலும் அப்படியே, ‘எவ்வளவு தூரம்?’ என்ற கேள்விக்குத்தான் இரண்டு மைல் விடை. ஆகவே தமிழ்க் கேள்வி ஒரு காவல், வினைக்குப் பின்னால் இடைச்சொல் இல்லாமல் பெயர் வருகிறதா என்று ஆங்கில வாக்கியத்தையே பார்ப்பது இன்னொரு காவல். இரண்டும் சேர்ந்து நிற்கவேண்டும்.

இனி, தமிழ் நமக்குத் தந்திருக்கும் ஒரு பெரிய வசதியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதை நாம் தொடாமலே வைத்திருக்கிறோம். நம் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்களே இரண்டு குன்றிய வினைகள். சூரியன் எழும் கரை எழுவான்கரை, அது படும் கரை படுவான்கரை. சூரியனை ஒருவரும் எழுப்புவதில்லை. அது தானாக எழுகிறது. எழு, எழுப்பு என்ற இணை நம் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கிலத்தின் றைஸ் என்பதும் றெய்ஸ் என்பதும் அதே இணைதான். சூரியன் எழுகிறது, றைஸ். கையை உயர்த்துகிறேன், றெய்ஸ். பஸ் கட்டணம் உயர்ந்தது என்றால் முன்னது, கட்டணத்தை உயர்த்தினார்கள் என்றால் பின்னது. பிள்ளைகள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இடறும் லை, லெய் என்ற இணையும் நம்மிடம் கிட, கிடத்து என்று அப்படியே இருக்கிறது: குழந்தை பாயில் கிடந்தது, தாய் குழந்தையைப் பாயில் கிடத்தினாள். சிட், செட் என்பவை இரு, இருத்து. ஃபோல், ஃபெல் என்பவை விழு, வீழ்த்து: மரம் விழுந்தது, மரத்தை வெட்டி வீழ்த்தினார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ஒரு வினையின் உயிரொலியை மாற்றி அதற்கு ஒரு குன்றா வினையை ஆக்கிக்கொள்ளும் முறை இருந்தது. அதில் எஞ்சிய சில இணைகளே இவை. குடித்தலைக் குறிக்கும் ட்ரிங்க் என்பதும் இன்று தோய நனைத்தலைக் குறிக்கும் ட்ரெஞ்ச் என்பதும்கூட ஒருகாலத்தில் குடி, குடிப்பி என்ற உறவில் இருந்தவை. ஆங்கிலம் அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. தமிழ் இன்றுவரை கைவிடவில்லை. உடைந்தது, உடைத்தது, வளர்ந்தது, வளர்த்தது, திரும்பு, திருப்பு, ஓடு, ஓட்டு, உருகு, உருக்கு என்று நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறோம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி உடைதலையும் உடைத்தலையும் வெவ்வேறு வினை வகைகளாக எண்ணிட்டு, முன்னதைக் குன்றியது என்றும் பின்னதைக் குன்றாதது என்றும் குறித்திருக்கிறது. மெல்லொலி வந்தால் குன்றியது, வல்லொலி வந்தால் குன்றாதது என்று இதை ஒரு சூத்திரமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்; சிரித்தான், படுத்தான், கொதித்தது ஆகியவற்றில் வல்லொலி இருந்தும் செயப்படுபொருள் இல்லை.

லை, லெய் இணையில் உள்ள உண்மையான பொறி இறந்தகாலத்தில் இருக்கிறது. கிடத்தல் என்ற பொருளுள்ள லை என்பதன் இறந்தகாலம் லெய்; கிடத்துதல் என்ற பொருளுள்ள லெய் என்பதன் இறந்தகாலம் லெய்ட். ஒன்றன் இறந்தகாலமும் மற்றதன் நிகழ்காலமும் ஒரே எழுத்தும் ஒரே ஒலியுமாக இருப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுமாறுகிறார்கள். பொய் சொல்லுதல் என்னும் லை வேறு. அதன் இறந்தகாலம் லைட் என்று ஒழுங்காக வரும். இதைப் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் செலவழித்து, பாயையும் தலையணையையும் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினாலும் தகும். நான் அப்படித்தான் காட்டினேன். அதிபர் வந்து கதவடியில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

சூரியன் விடயத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. படுவான்கரையில் சூரியன் படுவதை ஆங்கிலம் செட் என்கிறது, சிட் என்று சொல்வதில்லை. வைத்தல் என்னும் பொருளில் எப்போதும் செயப்படுபொருளைக் கேட்கும் அதே செட், சூரியனுக்கு வரும்போது செயப்படுபொருள் இல்லாமலே நிற்கிறது. பட்டியலை நம்பாதே என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடைக்காது.

தமிழ் இவ்வளவு துல்லியமாக இருப்பதே வேறோர் இடத்தில் பிள்ளையைத் தடுக்கிவிடுகிறது. உடைந்தது, உடைத்தான் என்று நமக்கு இரண்டு வடிவங்கள். ஆங்கிலத்துக்குப் பிரேக் என்ற ஒன்றுதான்: கண்ணாடி பிரேக் ஆகும், பையனும் கண்ணாடியைப் பிரேக் பண்ணுவான். நின்றது, நிறுத்தினார், கொதித்தது, கொதிக்கவைத்தாள், விளைகிறது, விளைவிக்கிறார்கள்: இவற்றுக்கெல்லாம் ஸ்டொப், பொய்ல், குரோ என்று ஒவ்வொரு சொல்லே இரண்டு வேலையும் பார்க்கிறது. அம்பாறையில் நெல் விளைகிறது என்றாலும் குரோதான், அம்பாறையில் விவசாயிகள் நெல் விளைவிக்கிறார்கள் என்றாலும் குரோதான். உடைந்தது என்பதற்கு வேறு வடிவம் தேடும் பிள்ளை, அது கிடைக்காமல், ‘வோஸ் புரோக்கன்’ என்று செயப்பாட்டு வினையில் போய் ஒதுங்குகிறது. அதுவும் இலக்கணப் பிழையன்று என்பதால் நாம் திருத்துவதில்லை. ஆனால் தானாக உடைந்தது என்று சொல்ல வந்த பிள்ளை யாரோ உடைத்துவிட்டார்கள் என்ற சாயலைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

அந்தப் பழக்கம் முற்றினால்தான் ‘அன் அக்சிடென்ட் வோஸ் ஹப்பென்ட்’ பிறக்கிறது. இதற்கு நாம் இதுவரை சிவப்புக் கோடு மட்டுமே கொடுத்திருக்கிறோம், காரணத்தைச் சொன்னதில்லை. விபத்து ஏற்பட்டது என்கிறோம். ஏற்படு என்பதன் வாலில் ‘படு’ இருக்கிறது. கட்டப்பட்டது, செய்யப்பட்டது என்பவற்றின் வாலிலும் அதே ‘படு’ இருக்கிறது. கட்டப்பட்டது என்பதற்கு ‘வோஸ் பில்ட்’ என்றால், ஏற்பட்டது என்பதற்கு ‘வோஸ் ஹப்பென்ட்’ என்பதுதானே முறை என்று பிள்ளை எண்ணுகிறது. தமிழில் யோசிக்கும் ஒரு மூளை செய்யக்கூடிய மிக ஒழுங்கான அனுமானம் அது. ஹப்பென் செயப்படுபொருளை ஒருபோதும் எடுக்காத வினை. செயப்படுபொருள் இல்லாதபோது எழுவாயின் இடத்துக்கு ஏற்றிவிட ஒன்றுமில்லை. ஆகவே செயப்பாட்டு வினைக்கு அங்கே வழியில்லை. டை, அரைவ், டிஸப்பியர் ஆகியவற்றுக்கும் இதே கதி. மறைந்தான், மறைத்தான் என்ற இணையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஹீ டிஸப்பியர்ட் மை புக்’ என்று எழுதிய ஒரு பிள்ளையின் கொப்பியும் என்னிடம் வந்தது. மறைத்தலுக்கு ஹைட் என்று வேறொரு சொல் இருப்பதைச் சொல்லிக்கொடுத்தேன்.

எனவே, செயப்பாட்டு வினைப் பாடத்தையும் இந்தப் பாடத்தையும் ஒன்றோடொன்று கோத்துக் கற்பிக்க வழிகாட்டுமாறு ஆலோசகர்களாகிய உங்களை வேண்டுகிறேன். செயப்பாட்டு வினையாக மாற்ற முடிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை; அது ஆங்கில வாக்கியத்தின் உள்ளேயே நடப்பதால் தமிழ் வந்து குறுக்கிடாது. ஹேவ், ரிசெம்பிள் போன்ற சில வினைகள் செயப்படுபொருளை எடுத்தும் செயப்பாட்டு வினைக்கு உடன்படமாட்டா என்பதை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும்.

வினாத்தாள் ஆக்குவோரிடம் என் கோரிக்கை இன்னும் நேரானது. தனிச்சொல்லைக் கொடுத்து வகை கேட்பதை விட்டுவிடுங்கள். அடிக்கோடிட்டுக் கேட்டே ஆகவேண்டுமென்றால், ஒரே வினையை இரண்டு வாக்கியங்களில் வைத்துக் கேளுங்கள்: சாரதி பஸ்ஸை நிறுத்தினார், பஸ் நின்றது, இரண்டிலும் ஸ்டொப். அல்லது றைஸ், றெய்ஸ் இரண்டையும் அடைப்புக்குள் கொடுத்து இடைவெளியை நிரப்பச் சொல்லுங்கள். அல்லது ‘யெஸ், ஐ லைக்’ என்பதைக் கொடுத்து, இதில் என்ன குறைகிறது என்று கேளுங்கள். வகையின் பெயரை மட்டும் எழுதிப் புள்ளி வாங்கும் பிள்ளை, கடைக்குப் போய் ஆங்கிலத்தில் ஒரு பொருளைக் கேட்கும்போது ‘ஐ வோன்ட்’ என்று சொல்லிவிட்டு நிற்கிறது. திருத்தும் ஆசிரியர்களுக்கு அனுப்பும் புள்ளித்திட்டத்தில், விடையை வாக்கியத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் என் விறாந்தைக்கு வந்த பையனைப் போன்ற பலருக்கு நீதி கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. மேலே நான் சொன்னவற்றில் பாதி தமிழ் இலக்கணம். அதைப் பிள்ளைகளுக்கு என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் பக்கத்து வகுப்பறையில் இருக்கும் தமிழாசிரியர். ஆனால் ஆங்கில ஆசிரியர் கருத்தரங்குக்குத் தமிழாசிரியரை அழைக்கும் வழக்கம் என் சேவைக்காலத்தில் இருந்ததில்லை. தமிழாசிரியர்களும் எங்களை அழைத்ததில்லை. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அவரே 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். அவரைப் போல எல்லாத் துறையும் ஒருவரிடமே குடியிருக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது. இரண்டு ஆசிரியர்களை ஒரு மேசையில் உட்காரவைக்கலாம். அடுத்த தவணைக்கான வலயக் கருத்தரங்கில் இந்த ஒரு பகுதிக்கு அரைநாள் ஒதுக்கி, ஒரு தமிழாசிரியரையும் ஓர் ஆங்கில ஆசிரியரையும் சேர்த்தே அதை நடத்தச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கல்குடாவானாலும் திருக்கோவிலானாலும், அழைத்தால் என் செலவிலேயே பஸ் ஏறி வருவேன். பாயும் தலையணையும் நான் கொண்டுவருகிறேன்.

அந்த மாணவனுடைய விடைத்தாளின் படியொன்றை, பெயரும் பாடசாலையும் மறைத்து, அவனுடைய தாயாரின் சம்மதத்தோடு எடுத்து வைத்திருக்கிறேன். கேட்கும் ஆலோசகருக்கு அனுப்பிவைப்பேன். நான்கு புள்ளிகளைத் திரும்பக் கேட்டுப் பாடசாலைக்குப் போகவா என்று அவன் என்னிடம் கேட்டிருக்கிறான். இந்த மடலுக்கு உங்களிடமிருந்து பதில் வரும்வரை பொறுத்திரு என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிகுடி.